பக்கம் அறுபத்துமூன்று

நாவலில் அவளுக்கு நேசமலர் என்று பெயர் வைத்தேன்.
குத்தலாகத்தான்.

நேசமலர் மகளைத் தொடமாட்டாள்.
காய்ச்சல் என்றால் தேர்மோமீட்டரை நீட்டுவாள்,
நெற்றியில் கை வைத்துப் பார்க்கமாட்டாள்.
பரிசு வாங்கி வந்தால்
சான்றிதழில் பெயர் பிழையில்லாமல் இருக்கிறதா என்று
வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள்.
இருநூற்றுப் பதினெட்டுப் பக்கம் முறையிட்டு முடித்தபின்
கட்டைக் கொண்டுபோய்
அம்மாவிடமே கொடுத்தேன்.

"ஒற்றுப்பிழை மட்டும் பார்த்துத் தாங்கோ."

எங்கள் இருவருக்கும் பொதுவாக
அவ்வளவுதான் மொழி.

கொட்டாஞ்சேனை அச்சகத்தில்
முப்பத்தொரு வருசம் பிழை பார்த்தவள்.
கலியாணக் காட், மரண அறிவித்தல்,
தவணைப் பரீட்சை வினாத்தாள்.
எதை வாசித்தாலும் ஒரே முகம்.
அப்பாவின் அறிவித்தலையும்
அவள்தான் பார்த்துக் கொடுத்தாள்.
அதில் பிழை இருக்கவில்லை.

மூன்று கிழமை ஒரு சத்தமும் இல்லை.

வெள்ளவத்தை, கடலுக்கு இறங்கும் ஒழுங்கை,
நாலாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை.
கதவுச் சங்கிலியைக் கழற்ற
எப்போதும்போல ஒரு கணம் கூடுதலாக எடுத்தாள்.
கட்டு மேசையில் இருந்தது,
மூலைகள் நேராக்கி, றப்பர் பாண்ட் போட்டு.
"பார்த்திட்டன்" என்றாள்.
குசினிக்குள் போனாள்.

சிவப்புப் பேனை.
'கண்டுக்கொள்ளவில்லை' என்று எழுதியிருந்தேன்,
நடுவில் க் வெட்டப்பட்டிருந்தது.
'அம்மாவிடம் கேட்க பயம்',
அங்கே ஒரு ப் சேர்ந்திருந்தது.
நேசமலர் சாகிற பக்கத்தில்
அரைப்புள்ளி ஒன்று காற்புள்ளியாகியிருந்தது.
வேறொன்றும் இல்லை.

அறுபத்துமூன்றாம் பக்கத்தில்
மகள் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறாள்.
பம்பலப்பிட்டி. ஆறு மணி தாண்டிவிட்டது.
காவலாளி கேற்றைப் பூட்டிவிட்டு
அவளை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறான்.
இருட்டியபின் தாய் வருகிறாள்.
ஏன் பிந்தினேன் என்று ஒரு சொல் இல்லை.
முன்னால் நடக்கிறாள்.
ஒரு செருப்பு காலில், மற்றது கையில்.
வார் அறுந்திருக்கிறது.
காலி வீதியில் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று
மகள் பத்தடி பின்னால் போகிறாள்.

'இருட்டியபின்' என்ற சொல்லுக்கும்
'தாய்' என்ற சொல்லுக்கும் இடையில்
சின்னக் கூரைபோல ஒரு குறி.
இங்கே ஏதோ விடுபட்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.
விடுபட்டதை ஓரத்தில் எழுதவேண்டும்.
அது அச்சக வழக்கம்.

ஓரம் வெள்ளையாக இருந்தது.

கை வழுக்கியிருக்கும் என்று நினைக்கப் பார்த்தேன்.
அவள் கை வழுக்காது.

"இதில என்ன வரவேணும்?"

தேத்தண்ணியை வைத்தாள்.
கண்ணாடியைப் போட்டு
கரண்ட் பில் பார்ப்பதுபோல அந்தப் பக்கத்தைப் பார்த்தாள்.
பாணந்துறை ரயில் கீழே போனது.
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து ஓயும்வரை
பேசாமல் நின்றாள்.

"அந்தச் செருப்பு புதுசு.
பாட்டாவில வாங்கி நாலு நாள்."

பிறகு,
"தேத்தண்ணி ஆறுது."

குடித்தேன். சீனி சரியாக இருந்தது,
அது எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.
போய்வாறன் என்றேன். சங்கிலி மாட்டும் சத்தம்
இரண்டு மாடி இறங்கும்வரை கேட்கவில்லை.
நின்றிருப்பாள்போல.

நூறாம் நம்பர் பஸ். ஜன்னல் சீற்.
தெஹிவளைப் பாலத்தில்தான் அது வந்தது:
நாலு நாள் செருப்பின் வார்
தானாக அறாது.

அந்த வருசம் சந்திக்குச் சந்தி மறித்தார்கள்.
அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
சிலரை ட்ரக்கில் ஏறச் சொன்னார்கள்.
எனக்குத் தெரியாததல்ல.
பதினொராம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன்,
மாதத்தோடு, தெருப்பெயரோடு,
வேறு பிள்ளைகளின்
அம்மாக்களுக்கு நடந்ததாக.

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
அவள் எவ்வளவு தூரம் ஓடி வந்தாள்?
அல்லது ஓடவில்லையா?
அறுபத்துமூன்றாம் பக்கம் மடியில் கிடந்தது.
பேனை கையில் இருந்தது.

இறங்கவேண்டியது கல்கிசையில்.
இரத்மலானை தாண்டி கொண்டக்டர் தோளில் தட்டினான்.
என் டிக்கட் எப்போதோ முடிந்துவிட்டதாம்,
சிங்களத்தில் சொன்னான்.

மிச்சக் காசைக் கொடுத்தேன்.