சுருளாத பன்னம்

முதல் மழை பெய்து ஒன்பதாம் நாள்.
ஒட்டுசுட்டானுக்கு அப்பால்
சிவப்புத்தடி நட்ட மூன்றாம் ஒழுங்கைக்குள்
முழங்காலில் நிற்கிறேன்.
டிடெக்டர் பிடிக்க முன்னம் புல் வெட்டவேணும்.
கத்தரிக்கும் மண்ணுக்கும் நடுவில்
ஒரு பச்சை நாக்கு.

ஒரே இலை. பெருவிரல் நகமளவு.
அதன் கழுத்திலிருந்து ஒரு காம்பு எழும்பி,
இரண்டு பக்கமும் மணி கோத்து,
இழுத்துப் பூட்டிய சிப் மாதிரி.

வெட்டினேன். சட்டம் அப்படி.
மேல்சட்டைப் பைக்குள் வைத்தேன்.

ஒழுங்கைக்குள் போன் கொண்டுவரக் கூடாது.
பத்தரை ஓய்வில், முகமறைப்பைக் கழற்றி,
வவுனியா வளாகத்துக் கௌசிகாவுக்குப் படம் அனுப்பினேன்.
போன மாதம் வந்து கேட்டவள் அவள்:
"அக்கா, நிலத்தை உங்களைப்போல
அங்குலம் அங்குலமாய்ப் பார்க்க
வேறை ஆர் இருக்கினம்?"

தளிர் சுருண்டு வந்ததோ?
இல்லை. பக்கத்தில் ஒரு குஞ்சு நின்றது, நிமிர்ந்துதான்.
முதுகில் புள்ளி?
இல்லை.
நரம்பு?
வலை மாதிரி.

பிறகு அவள் எழுதினாள்:
குளத்து ஆரை நாலிலை விரிக்கும்,
வித்தியைக் காலடியில் கொட்டைக்குள் பூட்டும்.
பாறைப் பன்னம் இலையோரம் மடித்து மூடும்.
இது ஒன்றுதான்
எல்லாத்தையும் தூக்கிக் காட்டும்.
இந்தச் சாதியில் ஒன்றுக்கு, ஒரு கலத்துக்குள்
ஆயிரத்துச் சொச்சம் நிறமூர்த்தம், அக்கா.
எங்களுக்கு நாற்பத்தாறு.

இவ்வளவு சாமானை வைச்சுக்கொண்டு
ஓர் இலைதானோ செய்தது?

சிரிப்புப் படம் ஒன்று வந்தது. அதற்குக் கீழே:
வித்தி விழுந்தால் உடனே வெளிச்சத்துக்கு வராது.
பூஞ்சணம் ஊட்ட, வெள்ளைப் புழுப்போல,
வருசக்கணக்காய் மண்ணுக்குள்ளேயே கிடக்கும்.

தெரியும் என்று எழுதி, அழித்தேன்.
வருசக்கணக்காய் மண்ணுக்குள் கிடக்கிறதுகளை
நாங்களும் வகை பிரித்துத்தான் படித்தோம்:
மிதித்தால் ஒன்று,
இழுத்தால் ஒன்று,
தூக்கினால் ஒன்று.

எந்த இனம் என்று கேட்டேன்.
வித்தியை நுணுக்குக்காட்டியில் பார்க்கவேணும்,
அதுவரைக்கும்
'இனம் தெரியாது' என்று எழுதி வைப்பம் என்றாள்.

அவளுக்கு அப்படி எழுதலாம்.

விசில் ஊதிற்று.
வெட்டின இடத்தில் டிடெக்டர் ஒருதரம் முனகியது.
பக்கவாட்டில் சுரண்டிச் சுரண்டிப் போனேன்,
இருபது நிமிசம்.
மீன்ரின் மூடித் துண்டு.
அதைச் சுற்றிப் பிடித்தபடி, தடித்த வேர் நாலைந்து.
தகரத்தை உருவினேன்.
வேர் அறவில்லை.

மண்ணைத் தள்ளி மூடி,
தடியை முன்னுக்கு நகர்த்தினேன்.
அங்கே இன்னும் மூன்று.