பக்கம் 212-க்குப் பிறகு

பாடாங் செராய் பாசார் மாலாமில்
கைப்பேசி உறைகளுக்கும் உள்ளாடைகளுக்கும் நடுவே
அட்டை போன ஒரு மலாய் நாவல்.
மூன்று ரிங்கிட் என்றார்.
கடைசிப் பக்கங்கள் இல்லை என்று காட்டியதும்
இரண்டுக்குத் தந்தார்.

அதற்குள்தான் இருந்தாள் கப்தென் மெலூர்.
மெலூர் என்றால் மல்லிகை.
மல்லிகை என்று பெயர் வைத்தும்
யாரும் அவளைத் தலையில் சூடவில்லை.
நாற்பது பேர் உள்ள விண்கப்பலில்
அவள் “திருப்பு” என்றால் திரும்புகிறது.
அவள் அழுதுகொண்டே சொன்னாலும்
திரும்புகிறது.
இது எனக்குப் புதிது.
எங்கள் வரிசை வீடுகளில்
அழுகிற பெண்ணிடமிருந்து முதலில்
சாவியை வாங்கிவிடுவார்கள்.

மலாயில்தான் பேசினாள்.
எனக்குத் தமிழில்தான் கேட்டது,
அதுவும் கொஞ்சம் கெடா வாடையோடு.

அறிவியல் கூடத்தில்
மின்சுற்றை லோகேந்திரன் இணைப்பான்,
குறிப்பை நான் எழுதுவேன். என் கையெழுத்து அழகாம்.
மெலூர் வந்த வாரம் கம்பியைப் பிடுங்கிக்கொண்டேன்.
பல்பு எரியவில்லை.
மறுபடி இணைத்தேன். அப்போதும் எரியவில்லை.
ஆனாலும் குறிப்பை அவன்தான் எழுதினான்,
கோழி கிளறின எழுத்தில்.

212ஆம் பக்கத்தில் காற்றுக்குழாய் வெடிக்கிறது.
வெள்ளை உடை மாட்டிக்கொண்டு அவள்
வெளியே, ஒன்றுமே இல்லாததற்குள், இறங்குகிறாள்.
வலது கையால் அந்தத் திருகை
அவ்வளவுதான்.
அதற்கப்புறம் தையல் நூல் மட்டும்.

அம்மா ஐந்தேகாலுக்குக் கீலாங் பஸ் ஏறுகிறாள்.
குலிமில், தூசி நுழையாத ஓர் அறையில்
பன்னிரண்டு மணி நேரம்
அவளுக்கும் வெள்ளை உடைதான்,
கண் மட்டும் தெரியும்.
அடையாள அட்டையில் இடம் போதாமல்
மங்களேஸ்வரி ‘மங்களே’ ஆகிவிட்டாள்.
ஒருநாள் சொன்னேன்,
அம்மா, நீயும் அவளைப் போலத்தான்.
வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.
“போடி. நான் யாரையும் எங்கேயும் திருப்பலை.
சில்லை எடுத்துத் தட்டுல வைக்கிறேன்.
என்னைக் கொண்டுபோய் அவ பக்கத்துல நிறுத்தி
கணக்கை முடிச்சிடாதே.”

தாளித்து முடித்த பிறகு:
“அது சரி, அந்த உடுப்போட
அவ எப்படி ஒன்னுக்குப் போறா?”

212 பக்கமும் தேடினேன்.
எட்டு மாதப் பயணம்.
மெலூர் ஒருமுறைகூடப் போகவில்லை.
மாதவிலக்கு வரவில்லை.
இடுப்பு பிடித்துக்கொள்ளவில்லை.
“எழுதுனது ஆம்பளையா இருக்கும்” என்றாள் அம்மா.
பெயர்ப் பக்கமும் கிழிந்திருந்ததால்
பந்தயம் கட்ட முடியவில்லை.

அன்றிரவு கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்
213 என்று எண் போட்டேன்.
மெலூர் திருகை இறுக்குகிறாள். அடிவயிறு வலிக்கிறது.
பத்து நிமிடம் தரமுடியுமா என்று
யாரையும் கேட்கவில்லை.
“பத்து நிமிடம் எடுத்துக்கொள்கிறேன்” என்கிறாள்,
ஒலிபெருக்கியில், நாற்பது பேரும் கேட்க.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வாசித்தாள்,
உதடு அசைய.
“தப்பு” என்றாள்.
“முதல்ல தலைவலை. அப்புறம் முகமூடி, தொப்பி,
அப்புறம் உடுப்பு, பூட்ஸ். கடைசியிலதான் கையுறை.
கையுறையை முதல்ல மாட்டிக்கிட்டு
ஜிப்பை எப்படி இழுப்பா உன் கேப்டன்?
இன்னொன்னு. தன் முதுகைத் தானே பார்க்க முடியாது.
எனக்கு ஜமீலா பார்ப்பா. அவளுக்கு நான்.”

214ஆம் பக்கத்தில்
ஜமீலா என்றொருத்தி கப்பலில் ஏறினாள்.

இந்த வாரம் பள்ளியில் லட்சியப் படிவம்.
மூன்று கோடுகள். திங்களன்று தரவேண்டும்.
தாதி, ஆசிரியை, குமாஸ்தா என்று
வெண்பலகையில் உதாரணம் எழுதிப் போட்டிருந்தார்கள்,
போன வருடத்தது, அழிக்கவே இல்லை போல.
முதல் கோட்டில் கேப்டன் என்று எழுதினேன்.
இரண்டாவதில் அதையே, இன்னும் பெரிதாக.
மூன்றாவதற்குப் பேனா இல்லை.

அம்மா எடுத்துப் போயிருக்கிறாள்.
நாலரைக்கு எழவேண்டியவள்,
215-இல் எதையோ அடித்து அடித்துத் திருத்திக்கொண்டு,
சமையலறை விளக்கை
இன்னும் அணைக்கவில்லை.