கல்லுக்கு இணங்கும் பூட்டு

தால்காவானோ துறைமுகத்தில்
மீன்மாவு ஆலையின் நாற்றம் ஏறிவரும் தெருவில்
என் இரும்புக்கடை.
ஆணி, கயிறு, படகு வண்ணம், அடுப்புத் திரி.
கல்லாப் பெட்டிக்குப் பின்னால்
பலகை நிறையப் பூட்டுகள்.

பூட்டு கேட்பவரிடம்
விலைக்கு முன்னால் ஒன்று கேட்பேன்:
யாரிடமிருந்து?

முகத்தைச் சுளிப்பார்கள்.
திருடனிடமிருந்துதான், வேறென்ன.
திருடன் என்று ஒருவன் இல்லை, ஐயா.
கம்பிவெட்டியோடு நள்ளிரவில் வருபவன் ஒருவன்,
போகிற போக்கில் இழுத்துப் பார்ப்பவன் ஒருவன்,
உங்கள் மைத்துனன் ஒருவன்.

படகுக்கார ரோசமெல்
மோட்டாருக்கு விரல் தடிமன் எஃகு கேட்டார்.
போன தடவை வாங்கியது
மூன்றே மாதத்தில் உள்ளே துரு பூத்து
சாவியைக் கடித்துக்கொண்டு விடவில்லை.
உங்கள் திருடன் கடல், என்றேன்.
பித்தளை உடம்பு, எவர்சில்வர் வளையம்,
சாவித் துளைக்கு ரப்பர் மூடி.
மாதம் ஒரு சொட்டு எண்ணெய்.
மீனெண்ணெய் ஆகுமா?
ஆகாது, ரோசமெல்.

கிடங்குக்காரர் ஒருவருக்கு
கடையிலேயே விலை உயர்ந்தது வேண்டும்.
முக்கால் கிலோ. வளையம் வெளியே தெரியாதபடி
தோளுக்குள் கழுத்தை இழுத்துக்கொண்ட பூட்டு.
நாதாங்கி எப்படி, என்று கேட்டேன்.
அதெல்லாம் இருக்கிறது, என்றார்.
இருந்தது: உளுத்த பலகையில் இரண்டு திருகாணி.
வந்தவன் பூட்டைத் தொடவேயில்லை.
நாதாங்கியைப் பெயர்த்து
பூட்டோடு சேர்த்து வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்,
இன்னும் பூட்டியபடியே.

வாடகை வீட்டில் அலமாரி பங்கிடும் யாஸ்னா
எண் பூட்டு வாங்கிப்போனாள்.
எண்ணை மட்டும் பிறந்தநாளாக வைக்காதே என்றேன்.
வைத்தாள்.
கேக் சாப்பிட்டவர்கள் எல்லோரும்
அவள் காப்பித்தூளையும் சாப்பிட்டார்கள்.

மே மாதம், மழை நாள்,
பள்ளிக்கூடக் காவலர் நிபால்தோ வந்தார்.
தோன்யா எல்சீரா,
இருப்பதிலேயே மட்டமான பூட்டு கொடுங்கள்.

மலைப்பக்கக் கதவுக்கு.
சாப்பாட்டு வேளையில் பையன்கள் அது வழியாக
சிகரெட்டுக்கு நழுவுகிறார்கள்,
பூட்டு என்கிறார் தலைமையாசிரியை.
பூமி ஆடினால்
பிள்ளைகள் மேட்டுக்கு ஏற
இருப்பதும் அந்த ஒரு கதவுதான்.
தள்ளினால் திறக்கும் கதவு கேட்டு
நகராட்சிக்கு எழுதி இரண்டு வருடம்.
சாவி என் இடுப்பில், நான் பல் வைத்தியரிடம்,
கடல் கிளம்பிவிட்டது:
எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி
கல்லை எடுத்து அடித்தால் திறக்க வேண்டும்.

யாரிடமிருந்து என்று நான் கேட்கவில்லை.
இருபத்தாறு வருடமாக
எதற்கும் உடையாது என்று சொல்லியே விற்றவள்.
கொல்லைப்புறம் போனோம், ஏழு பூட்டோடு.
வேலியில் மாட்டி, ஆற்றுக்கல் ஒன்று தேடி,
என் வலக்கைக்குச் சாக்கு மூட்டை தூக்கிய பலம் உண்டு
என்பதால் இடக்கையால் அடித்தேன்.
முதல் நான்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றன.
பெருமைப்படுவதா, தெரியவில்லை.
ஐந்தாவது,
மூன்றாம் அடியில் வாய் பிளந்தது.
இது, என்றார் நிபால்தோ,
மழையில் குளிர்ந்த தன் தொப்பியைக் கழற்றி.

அந்த ரகத்தில் நான்கு வாங்கினார்.
அடிபட்டவற்றுக்குக் காசு கொடுக்கவில்லை,
நானும் கேட்கவில்லை.
ரசீதில் உத்தரவாதம் என்றொரு கட்டம் உண்டு.
பேனா கொஞ்சம் தயங்கியது.
உடையும் என்று எழுதி முத்திரை குத்தினேன்.

மறுவாரம் திரும்ப வந்தார்.
பூட்டு பத்திரம்.
பக்கத்தில் மஞ்சள் பூசி வைத்த கல்லை
யாரோ தூக்கிப்போய்விட்டார்கள்.

சிரித்து முடிக்கச் சற்று நேரம் ஆனது.
பிறகு கொல்லைக்குப் போய்
விளிம்பில் பித்தளைப் பொடி ஒட்டியிருந்த
என் கல்லை எடுத்து வந்தேன்.
தாளில் சுற்றிக் கொடுத்தேன்,
விற்பனைச் சாமானைப் போல.