நாற்பத்தேழாம் துண்டு

புந்தா அரேனாஸில்
காற்றுக்கு வார விடுமுறை கிடையாது.
ஆனாலும் யாட்ரான்கா
அடுக்களை ஜன்னலைத் திறந்தேதான் வைத்திருக்கிறாள்.
பசையின் நெடி தலைக்கேறினால்
கத்தி விரலுக்கு வரும்.

மேசைமேல் ஒரு கழுகின் தலை
இருபத்திரண்டு தாள்களில்
மல்லாந்து கிடக்கிறது.
நூற்று முப்பத்தொரு துண்டு.
ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒட்டுவதற்கு நாக்குகள்,
நாக்குக்கு நாக்கு ஓர் எண்.
மேட்டுக்குக் கோடு, பள்ளத்துக்குப் புள்ளிக்கோடு.

அந்த ஊரார் அதைக் கொண்டோர் என்கிறார்கள்.
நம் காதில் அது 'உடையவர்'.
சரிதான்,
ஆண் பறவைக்குக் கொண்டை உண்டு.

வரைந்த கை யாருடையதோ,
காகிதத்தை நம்பி வரைந்திருக்கிறது.
காகிதத்துக்கு மடியத்தான் தெரியும்.
ஒரு கன்னம் உருள
பதினான்கு முக்கோணம் கேட்கும்.
ஃபோம் அப்படியில்லை.
பிள்ளைகள் தவழ இரும்புக்கடையில் விற்கிற விரிப்பு,
நான்கு சதுரம் ஒரு கட்டு.
சூடு காட்டினால்
சொன்ன பேச்சுக் கேட்கும்.

முதலில் நாக்குகளை அறுத்தாள்.
பத்து மில்லிமீட்டர் தடிப்பு
விளிம்போடு விளிம்பு தானே நிற்கும்.
பதினான்கு முக்கோணத்தையும்
ஒட்டுநாடாவால் பிணைத்து ஒரே கன்னமாக்கினாள்.
தட்டையாகப் படுக்க அது முரண்டு பிடித்த இடத்தில்
ஆப்பு வடிவில் ஒரு வெட்டு.

நிலைமொழியும் வருமொழியும் சந்திக்கையில்
நாமும் செய்வதுதான்.
ஒன்று தோன்றும், ஒன்று திரியும், ஒன்று கெடும்.
மரம் தன் மகர ஒற்றை விட்ட பிறகுதான்
வேர் வந்து ஒட்டுகிறது.

முதல் தலை
ஐவோவின் காதோடு நின்றுவிட்டது.
"இது கோழிக்கு அக்கா" என்றான்.

காகிதத்துக்கு
உள்ளும் வெளியும் ஒன்று.
ஃபோமுக்கு இரண்டும் இரண்டு வீடு.
ஐம்பத்தெட்டுச் சுற்றளவுத் தம்பிக்கு
வெளியே அறுபத்து நாலு வேண்டும்.
நூற்றுக்கு நூற்றுப் பதினொன்றாகப் பெருக்கி
மறுபடி அச்சடித்தாள்.
அதோடு மை தீர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை.
தடவிய பசை விரலில் ஒட்டாமல் காய
பத்து நிமிடம் காத்திருந்தாள்.
ஐவோ கதவைத் திறந்தான்.
நீரிணையிலிருந்து வந்தது
ஜன்னலில் நுழைந்து கதவால் போனது,
மறுபடி கதவால் வந்து ஜன்னலால் போனது,
போகும்போது
நாற்பத்தேழை எடுத்துப் போனது.

காலுறையோடு படியிறங்கி ஓடினான்.
யாருடையதோ பல்பொருள் அங்காடி ரசீதோடு
திரும்பி வந்தான்.

நாற்பத்தேழு
அலகுக்கு மேலே, நடுநெற்றியில்
கொண்டை முளைக்கும் இடம்.
இடதைக் கவிழ்த்து வலதாக்கிக் கொள்ள
அதற்கு ஜோடி இல்லை.

நாற்பத்தாறை வைத்தாள்.
நாற்பத்தெட்டை.
அறுபதை, அறுபத்தொன்றை.
நடுவில் ஓர் ஓட்டை மிஞ்சியது.
அதன் அடியில்
காலைத் தானியப் பெட்டியின் அட்டையைச் செருகி
ஓட்டையின் ஓரத்தைச் சுற்றிப் பென்சில் ஓட்டினாள்,
மெதுவாக,
நாலு பேரிடம் விசாரித்து
வராத ஐந்தாமவரின் முகத்தை எழுதுகிற மாதிரி.

கத்தியைச் சாய்த்துப் பிடித்து அறுத்தாள்.
அனல்காற்று ஊதியதும்
ஃபோம் மினுங்கி, களைத்து, முழங்காலில் வளைந்தது.
பசை பசையைப் பிடித்துக்கொண்டது.
அதன்பின் நகர்த்த முடியாது.
நகர்த்த வேண்டியும் இருக்கவில்லை.

ஜூலை விழாவில்
கழுகுத்தலையோடு நடந்த ஐவோவுக்கு
எதுவும் காதில் விழவில்லை.
யார் எது கேட்டாலும்
"கோழி" என்று பதில் சொன்னான்.

செப்டம்பரில் பனி இளகியது.
அவள் வேலை பார்க்கும் குளிர்கிடங்கின் கம்பிவேலியில்
ஒரு தாள்.
எண் பாதி அழிந்திருந்தது,
ஏழின் வால் மட்டும் தெளிவு.

வீட்டில் கழுகின் நெற்றிமேல் வைத்துப் பார்த்தாள்.
ஒரு பக்கம் நான்கு மில்லிமீட்டர் தள்ளியது.
இன்னொரு பக்கம் சேரவே இல்லை.
தலை என்னவோ
இடைவெளி இல்லாமல் மூடித்தான் இருந்தது.

தாளைத் திருப்பினாள்.
பின்பக்கம் வெறுமை.
பென்சிலை எடுத்து எழுதினாள்:
மை, பசை, கத்தி அலகு,
ஜன்னலுக்கு ஒரு கொக்கி.