பால் சூடு

மேற்கணக்குப் பிள்ளைமடுவத்தில்
ஆறே முக்காலுக்கெல்லாம் பதினோரு பிள்ளைகள்.
மலைக்கு ஏறுமுன் தாய்மார்
போத்தலையும் பிள்ளையையும் சேர்த்து நீட்டுவார்கள்.
வாங்கிக்கொள்ள எனக்கு இரண்டு கை.
இருக்கின்றன என்று கண் சொல்கிறது.

முதலில் எறும்பு.
விரல் நுனியில் ஊர்ந்து ஊர்ந்து நின்றது.
ஜனவரிப் பனி,
எல்லோருக்கும்தான் விறைக்கிறது என்றிருந்தேன்.
மார்ச் வெயிலில் தகரம் படபடத்தபோதும்
என் கையில் மட்டும் பனி போகவில்லை.

மரத்துப்போச்சு என்கிறோம்.
சரியான சொல்தான்.
கவ்வாத்து வெட்டாமல் விட்ட தேயிலை
இடுப்பளவில் நிற்காது, மரமாகிவிடும்.
கைவிட்ட மலைப்பக்கம் போனால் பார்க்கலாம்,
கொழுந்து எட்டாத உயரத்தில்.
பத்து விரலும் அப்படித்தான்
என்னை விட்டு வளர்ந்துவிட்டன.

ஒரு செவ்வாய்க்கிழமை
டிலுக்ஷனுக்குத் துணி மாற்றுகிறேன்,
வெள்ளையில் சிவப்பு.
கவிழ்த்தேன், நிமிர்த்தினேன்,
தொடை, இடுப்பு, கால்விரலிடுக்கு,
எங்கே, எங்கே என்று
நான் தொட்ட இடமெல்லாம் புதிதாய் இரத்தம்.
அவன் சிரித்துக்கொண்டு கிடந்தான்.
ஊக்கு
என் பெருவிரலில் ஏறி நின்றது.

டிக்கோயா ஆஸ்பத்திரி, சீனி வருத்தக் கிளினிக்.
கொப்பி அடுக்கிலிருந்து என் பெயர் வர
பத்தரை ஆனது.
மிஸ் சிங்களத்தில் கேட்டா:
ஹிரி வட்டெனவாத?
ஓம் மிஸ், ஹிரிதான்.
எறும்பு, பனி, மரம் எல்லாம்
அந்த இரண்டெழுத்துக்குள் போய்விட்டது.

டொக்டர் கண்ணை மூடச் சொன்னார்.
ஒரு நைலோன் நூல்.
படும்போது சொல்லுங்க.
பட்டது என்றேன். பட்டது. இப்பவும் பட்டது.
வேலை போய்விடுமோ என்ற பயத்தில்
கணக்காய் இடைவெளி விட்டுச்
சொல்லிக்கொண்டே போனேன்.
கண்ணைத் திறந்தால்
நூல் மேசையில் கிடக்கிறது.
அவர் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார்.

காலையில் இரண்டு குளிசை, மாலையில் ஒன்று.
வெறுந்தேத்தண்ணிக்குச் சீனியை
உள்ளங்கையில் கொட்டி நக்கிக் குடித்த ஆள் நான்.
அந்த உள்ளங்கைதான் இது.
இப்போது கசப்பாகவே குடிக்கிறேன்,
கோப்பை சுடுகிறதா என்று
உதட்டைக் கேட்டுவிட்டு.

பால் சூட்டுக்கு முழங்கை.
அது நல்ல சாட்சி,
இன்னும் பொய் பழகவில்லை.
குளிப்பாட்டும் தண்ணீருக்கும் அதையே கூப்பிடுகிறேன்.
மடுவத்துக்குள் ஊக்கு வரக்கூடாது என்றதும்
ஏனக்கா என்றாள் நவமணி.
சொன்னேன். முழுக்கச் சொன்னேன்.
மகனை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.
பிறகு, கங்காணி விசில் கேட்டது,
தந்தாள்.

ராத்திரிதான் வில்லங்கம்.
பகலெல்லாம் இல்லாத கை
பதினொரு மணிக்கு வீடு திரும்பும்.
கொதிக்கும், குத்தும்,
போர்வை பட்டாலும் முறைக்கும்.
சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமுகிறார்கள்.
டோர்ச் அடித்து விரல் விரலாய்ப் பார்க்கிறேன்,
வெட்டு, கொப்புளம்,
எனக்குச் சொல்லாமல் பட்டது ஏதாவது.
போன வாரம் அடுப்படியில் சுட்டது
விடியும்வரை வாயே திறக்கவில்லை.

இன்று மத்தியானம்
துணி மடித்துக்கொண்டிருந்தேன்.
எல்லாம் தூங்கி, மழையும் ஓய்ந்திருந்தது.
தற்செயலாய்த் திரும்பினேன்.
தொட்டில் கம்பிக்குள்ளிருந்து டிலுக்ஷன்
என் சுண்டுவிரலைப் பிடித்திருக்கிறான்,
எவ்வளவு நேரமாகவோ.

எடுக்கவில்லை.
மற்றக் கையால் மடித்தேன்,
கோணலாய்.