இருபத்திரண்டு வீதம்

நாடு முறிந்த வருசம்
எனக்கு ஓய்வு கிடைத்தது.
வயது நாற்பத்தொன்று.

அதற்கு முன் பத்து வருசம்
விடிய ஐந்து பத்துக்குத் தர்மபுரம் சந்தியில்
ஆடைத் தொழிற்சாலை பஸ்.
இடப்பக்கம் மூன்றாம் இருக்கை, மிச்சத் தூக்கம்.
அறிவியல் நகர், பதினாலாம் லைன்,
மணிக்கு எழுபது கொலர்,
யாரோ ஒரு கழுத்துக்கு.
நான் தைத்ததைப் போட்டுக்கொண்டு திரிந்த ஒருவரையும்
கிளிநொச்சியில் கண்டதில்லை.

சேர்த்தது இப்படித்தான்:
மூன்று சீட்டு. மூன்றிலும் கடைசி ஆள் நான்,
கழிவில்லாமல் எடுத்தேன்.
ஓவர்டைம்.
பவுன் ஏறின நேரம் பார்த்து விற்ற ஒரு சோடிக் காப்பு.
சேமலாப நிதியை ஐம்பது வயதுக்கு முன் தொட ஏலாதாம்,
கலியாணம் கட்டி விலகினால் தரலாமாம்.
மாப்பிள்ளையைவிட
ஐம்பது வயது கிட்ட இருந்தது.

பன்னிரண்டு லட்சம்.
வங்கிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது:
ஒரு வருட வைப்பு, இருபத்திரண்டு வீதம்.
போனில் தட்டிப் பார்த்தேன், மூன்று தரம்.
பிறகு நம்பாமல் பஸ் டிக்கெட்டின் பின்னால்.
மாதம் இருபத்திரண்டாயிரம்.
வீடு சொந்தம், கிணறு சொந்தம்,
ஒருத்தி வயிறு.

"நிதிச் சுதந்திரம், அக்கா"
என்றான் கவுண்டரில் இருந்த கஜரூபன்.
எங்கள் பக்கம் அந்தச் சொல்லை
இவ்வளவு லேசாக ஒருவர் சொல்லிக் கேட்டுக்
கனகாலம்.
கையொப்பம் வைக்க மூன்று இடம் காட்டினான்.
வைத்தேன்.

முதல் நாள் ஐந்து பத்துக்கு ஹோர்ன் அடித்தது.
படுத்திருந்து கேட்டேன்.
இரண்டாம் தரமும் அடித்தது.
டிரைவர் நல்ல மனுசன்.

செவ்வாய் என்றால் முன்பு நுண்கடன்காரன்.
மோட்டார்சைக்கிளை நிறுத்தாமல் படலையடியில் உறுமவிடுவான்.
அந்தக் கடன் முடிந்து ஆறு வருசம்,
என்றாலும் செவ்வாய்களில்
கண் படலைக்குப் போகும்.
ஓய்வில் ஒரு செவ்வாய், பகல் பதினொரு மணிக்கு,
இரணைமடுக் கட்டில் இருந்தேன்.
அந்த நேரத்து வெளிச்சத்தைப் பத்து வருசமாய்
குழல்விளக்கு என்றுதான் எனக்குத் தெரியும்.
ஜப்பான் மீன் ஒரு கிலோ வாங்கினேன்.
"லீவோ?" என்றார் மீன் விற்றவர்.
"இல்லை, ஓய்வு."
என்னை மேலும் கீழும் பார்த்தார்.
"என்ன வருத்தம், பிள்ளை?"

நாலு மாதம் வரைக்கும்
கனவில் கொலர் எண்ணினேன்.
ஐந்தாம் மாதம் எண்ணிக்கை தவறியது.
ஆறாம் மாதம் கனவே இல்லை.
அதைச் சொல்ல ஒருவரும் கிடைக்கவில்லை,
வேலை நாளில் எல்லாரும் வேலையில்.

பிறகு நாடு தேறிவிட்டதாம்.
வானொலியில் இரண்டு தரம் சொன்னார்கள்.
கஜரூபன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்,
சாவீட்டுச் செய்தி மாதிரி:
"இப்ப எட்டு வீதம், அக்கா."

எட்டாயிரம்.
செலவு இருபத்துநாலுக்கு ஏறியிருந்தது.
மூன்றில் ஒன்று.

மூன்றில் ஒரு பங்கு ஓய்வு என்று
தொழிற்சாலைப் படிவத்தில் ஒரு கட்டம் இல்லை.
அதே லைன். என் மெசினில் இப்போது சுபாங்கி,
இருபது வயது, மணிக்குத் தொண்ணூறு கொலர்.
எனக்குக் கைமடிப்பு.

வட்டியைத் தொடுவதில்லை.
கலண்டரில் மாதத்தின் முதல் பத்துத் திகதியையும்
பச்சையால் வளைக்கிறேன்.
அந்த நாட்களில் வராமலும் விட்டிருக்கலாம்,
வருகிறேன்.
"டார்கெட்! டார்கெட்!" என்று சுப்பர்வைசர் கத்த
மெல்ல எழும்பிப் போய்த் தண்ணீர் குடிக்கிறேன்.
ஏன் இவளுக்கு இந்தத் திமிர் என்று
ஏழாம் திகதி யோசிப்பார்.
பதின்மூன்றாம் திகதி மறந்துவிடுவார்.

அடுத்த வருசம் கணக்குச் சரிவந்தால்,
சாமான் விலை பொறுத்துக்கொண்டால்,
பதினோராம் திகதியும் என் பக்கம் வந்துவிடும்.

இன்று பதினொன்று.
இன்னும் அவர்களுடையது.
சந்தியில் ஹோர்ன் அடிக்கிறது,
ஒரு செருப்பைப் போட்டபடி
ஓடுகிறேன்.