சிவப்புப் பொத்தான்

கப்பலூர் தொழிற்பேட்டை, மூன்றாம் குறுக்குத் தெரு.
குழாய் இணைப்புகள் வார்க்கும் கம்பெனி.
அதன் கணினிக்குள் இருக்கிற அத்தனை கதவுக்கும்
சாவிக்கொத்து என் மேசையில்.
கிலுங்காத சாவிகள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது
இருபத்தாறு பேருக்கு நாற்பத்தொரு புரொஃபைல்.
எனக்கு முன்னால் இருந்தவர்
கேட்டவருக்கெல்லாம் ஒன்று தைத்துக் கொடுத்திருந்தார்.
'பில்லிங்', 'பில்லிங் புதுசு',
'பில்லிங் புதுசு நகல்',
'ராஜாமணி தற்காலிகம்'.
ராஜாமணி வேலையை விட்டு
விருதுநகரில் பேக்கரி வைத்து நாலு வருஷம்.
அவருடைய தற்காலிகம் மட்டும்
இன்னும் எங்கள் சம்பளப் பட்டியலைத்
திறந்து பார்க்கலாம் என்றிருந்தது.

ஒரு வாரம் உட்கார்ந்து ஐந்தாக்கினேன்.
ஆளுக்கொரு சட்டை வேண்டாம்,
வேலைக்கொரு சீருடை போதும்.
விற்பனை மேசைப் பதினொரு பேருக்கும் ஒன்றே:
பார்க்கலாம், டிக்.
சேர்க்கலாம், டிக்.
திருத்தலாம், அன்றைக்குள் மட்டும், டிக்.
நீக்கலாம்
வெள்ளைக் கட்டம்.

முதலாளி காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்:
"ஒரு இடத்துல மாத்துனா எல்லாருக்கும் மாறிருமா?
அப்ப சவுகரியந்தான்."
சவுகரியந்தான்.

ஐப்பசி மழை. தீபாவளிக்கு மூன்று நாள்.
டோல்கேட் வரைக்கும் லாரிகள்.
ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு
நனைந்த செருப்போடு ஓடி வந்தாள் ஒச்சம்மாள்.
"அக்கா, செக்கானூரணி பில்லு
ரெண்டு தடவ விழுந்துருச்சு.
ஒண்ண அழிக்கணும். வண்டிக்காரன் கத்துறான்."

அவள் ஒருத்திக்கென்று தனியாகப் பிரித்துக் கொடுக்கப்
பத்து நிமிஷம் ஆகும்.
பெரியாருக்கு என் பஸ் பத்து மணிக்கு.
கட்டத்தை அழுத்தினேன்.
டிக்.
அவள் அழித்தாள், போனாள். நானும் போனேன்.
நாளைக்கு எடுத்துவிடலாம் என்று
பழங்காநத்தம் தாண்டும்போது நினைத்தது
ஞாபகம் இருக்கிறது.

வைகாசியில் ஆடிட்டர் வந்தார்.
தாள் தாளாகப் புரட்டியவர்
ஓரிடத்தில் பேனாவை ஊன்றி நிமிர்ந்தார்.
"பதினொரு பேருக்கும் பில்ல அழிக்கிற அதிகாரமா?
ஏழு மாசமாவா?"
ஏசிக்கு நேர் கீழே எனக்கு வேர்த்தது.

பதிவேட்டைத் திறந்தேன்.
யார், எப்போது, எதை நீக்கினார்.
வடிகட்டினேன்.
அன்றிரவு ஒன்பது ஐம்பது, ஒச்சம்மாள், ஒன்று.
அதற்குப் பிறகு
ஒன்றுமில்லை.
தேதியை மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை.
இருபதாயிரத்துச் சொச்சம் பில்.
சம்பளம் பன்னிரண்டு நாள் தள்ளிப்போன மார்கழி.
பவுன்ராஜ் தன் மகளைப்
பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்த தை.
ரொக்கத்தை வாங்கிப் பையில் போட்டுப்
பில்லை அழித்தால் கேட்பாரில்லாத
எத்தனையோ சாயங்காலங்கள்.
ஒன்றுமில்லை.

"அப்படி ஒரு வசதி இருந்ததே
அவங்களுக்குத் தெரியாது சார்" என்றேன்.
நம்பித்தான் சொன்னேன்.
ஆடிட்டரும் எழுதிக்கொண்டார்:
ஊழியர் அறியவில்லை.

அன்று மாலையே எடுத்துவிட்டேன்.
ஒரே அழுத்து.
கீழ்த்தளத்தில் பதினொரு திரையிலும்
சின்னச் சிவப்புப் பொத்தான் ஒன்று
இல்லாமல் போயிற்று.

அஞ்சு நிமிஷம் இருக்கும்,
உள் போன் அடித்தது. பவுன்ராஜ்.
"மேடம், அந்தச் செவப்புப் பட்டனக் காணோம்."
ஆமாம் என்றேன்.
கொஞ்ச நேரம்
வார்ப்பு மிஷின் மூச்சு விடும் சத்தம் மட்டும்.
பக்கத்தில் ஷாகுலின் குரல், "கேளு, கேளு."
"நாங்க எதுவும் தப்புப் பண்ணிட்டமா மேடம்?"

நான்தான் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
"அதெல்லாம் இல்ல பவுன்ராஜ்.
சிஸ்டம் அப்டேட்டு."

போனை வைத்த பிறகும்
என் திரையின் ஓரத்தில்
சிவப்பாக இருந்தது
எனக்குள்ள பொத்தான்.